விசிலுக்கு யோசிக்கிற குக்கர்

என் பையத் திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க சார். 'பலகுரல் பக்கிரிசாமி, மன்னார்குடி'ன்னு போட்டிருக்கு. அது நான்தான். அதப் படிச்ச நிமிஷத்துலேருந்து உங்க மூஞ்சில ஒரு ஆசை ஓடுது பாருங்க, அது எனக்கு நல்லாப் பழக்கம். பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க எல்லார் மூஞ்சிலயும் ஓடும். ரெண்டு ஸ்டாப்பு தாண்டினதும் மெதுவாத் தொண்டையச் செருமிக்கிட்டு, "ஏங்க, ஒரே ஒரு நடிகர் கொரல் பண்ணுங்களேன்"னு கேப்பீங்க.

மாட்டேன். நடிகர் பண்றதில்ல. அரசியல் தலைவர் பண்றதில்ல. நாய், பூனை, ரயிலு, ஒண்ணும் கெடையாது. நாய் கொரல் வேணும்னா நாய்கிட்டயே கேளுங்க, நம்மள விட நல்லாப் பண்ணும்.

நமக்கு கல்யாண வீடு மட்டும்தான். காலைலயே மண்டபத்துல போய் ஒரு ஓரமா உக்காந்துக்குவேன். பொண்ணோட அத்தை எப்படி இழுத்து இழுத்துப் பேசுறாங்க, மாப்ள சித்தப்பா எப்படி இருமுறாரு, சமையல்காரரு யாரத் திட்டுறாரு, எல்லாத்தையும் வாங்கி உள்ள போட்டுக்குவேன். சாயங்காலம் ரிசப்ஷன் மேடைல ஏறி அவங்க குடும்பத்தையே எடுத்து அவங்க கையில குடுத்துருவேன். அதான் நம்ம தொழிலு.

சரி, நடிகர் இல்லாட்டி போகுது, அந்த அத்தை கொரலாவது இப்ப வரும்னு நிமிந்து உக்கார்றீங்க. அதுவும் வராது. உங்களுக்கு இன்னைக்குக் கெடைக்கப்போறது தைராய்டு.

பாத்தீங்களா, மூஞ்சி தொங்கிருச்சு. "தைராய்டா, என் சம்சாரத்துக்கும் இருக்கு"ன்னு சொல்ல வர்றீங்க. எல்லார் சம்சாரத்துக்கும் இருக்கு சார். எனக்கு இருக்குன்னாத்தான் யாரும் நம்புறதில்ல. என்னமோ நான் வேணும்னே லேடீஸ் சீட்டுல உக்காந்த மாதிரி பாக்குறாங்க.

இப்ப எங்க போறேன்னா, பட்டுக்கோட்டை. உரக்கடை வைரக்கண்ணு ஐயா வீட்டு ரிசப்ஷன், சின்னப் பொண்ணுக்கு. அவரு லேசுப்பட்ட ஆளு இல்ல. மண்டபமும் வச்சிருக்காரு, இந்தப் பக்கத்து மண்டபக்காரங்க சங்கத்துக்குத் தலைவரு. அவரு தலையாட்டிட்டா இனிமே எந்த மண்டபத்துல ரிசப்ஷன்னாலும் நம்ம பேருதான். தலையாட்டலன்னு வைங்க, திங்கக்கெழமையிலேருந்து நான் என் மச்சான் சிமெண்ட் கடைல உக்காந்து மூட்டை ஏத்துறதப் பாத்துக்கிட்டு இருக்கணும். வீட்ல முடிவு பண்ணியாச்சு. மச்சான் எனக்குன்னு ஒரு சுழல் நாற்காலி கூட வாங்கிப் போட்டுட்டானாம். அதுல உக்காந்தா என் கதை முடிஞ்சுது சார்.

இந்தா சன்னலோரம் பொட்டிய மடில வச்சிக்கிட்டுத் தூங்குறான் பாருங்க, இவன் லூர்து. நமக்கு ரிதம் பேடு வாசிக்கிறவன். நான் ஒரு ஜோக்கு முடிச்சதும் 'டும் டிஷ்'ஷுன்னு ஒண்ணு போடுவான். புக்கிங் போனெல்லாம் அவனுக்குத்தான் வரும். தங்கமான ஆளு. ஒரு வார்த்த பேச மாட்டான். பதினாறு, பதினேழு வருஷமாக் கூட இருக்கான், நான் பேசுறதக் கேட்டே அவனுக்கு வாய் மரத்துப் போச்சு.

நம்ம ஸ்பெஷல் என்னன்னா, வேகம். ஒரே மூச்சுல ஒரு வீடு. குக்கரு விசில் அடிக்கும், மிக்சி ஓடும், காலிங் பெல் அடிக்கும், மாமியா கூப்புடும், மருமவ முணுமுணுக்கும், மாமனாரு எல்லாத்துக்கும் நடுவுல கண்ணாடியத் தேடுவாரு. இத்தனையும் மூச்சு வாங்காம. கேக்கறவனுக்கு எது யாருன்னே புரியாது. அப்படி ஒரு வேகம்!

போன வருஷம் பங்குனியில ஆரம்பிச்சுது வெனை.

மொதல்ல குளிரு. பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரம். ரோட்டுத் தாரு செருப்போட ஒட்டிக்கிட்டு வருது. ஊரே சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருக்கு. நான் மங்கி கேப்பு. அதுக்கு மேல துண்டு. ஸ்வெட்டரு. ஃபேன ஒண்ணுல வச்சா எனக்கு ஊட்டி, அணைச்சா என் சம்சாரம் மங்கைக்கு அடுப்படி. "ஏங்க, பச்சப்புள்ள பெத்தவ கூட இப்படிப் பொத்திக்க மாட்டா"ன்னா. கடைசில அவ பாயச் சுருட்டிக்கிட்டு மொட்டமாடிக்குப் போயிட்டா.

அப்புறம் தூக்கம். எங்க உக்காந்தாலும் தூக்கம். முடிவெட்டுற நாற்காலில தூங்குனேன். ரேஷன் கடை வரிசைல நின்னுக்கிட்டே தூங்கி, முன்னாடி இருந்த அம்மா தோள்ல தலைய வச்சு, அது பெரிய பஞ்சாயத்து.

மொகம் பூரி மாதிரி உப்பிருச்சு. எங்க எதுத்த வீட்டுல ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருத்தரு இருக்காரு, அவரு மூக்கால பேசுவாரு, "பக்கிரிசாமீ... இப்பத்தான்யா நீ ஒரு வசதியான ஆளாட்டம் இருக்கே... எதாவது நெலம் கிலம் வித்தியா?"ங்கறாரு. புருவம் பாதியக் காணோம். வால் பக்கம் மட்டும் கொட்டிப் போச்சு. முடிவெட்டுற தம்பி கையெடுத்துக் கும்புட்டுட்டான், "சத்தியமா நான் எடுக்கலண்ணே."

இன்னொண்ணு சொல்லணும், நீங்க தப்பா நெனச்சுக்கப்புடாது. காலைல உள்ள போவேன். பேப்பரோட போவேன். தலைப்புச் செய்தி படிச்சு, ராசி பலன் படிச்சு, வரி விளம்பரம் படிச்சு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் படிச்சு முடிச்சு வெளில வருவேன். நான் மட்டும்தான் வெளில வருவேன். வேற ஒண்ணும் வராது.

சிரிங்க, சிரிங்க. பட்டவனுக்குத்தான் தெரியும்.

மறதி வேற. கடைக்குப் போவேன், எதுக்கு வந்தோம்னு தெரியாது. மங்கைக்கு போன் போட்டுக் கேப்போம்னு போட்டா, என் கொரலக் கேட்டுட்டு, "ராங் நம்பருங்க"ன்னு வச்சுட்டா. அதான் சார் இடி. கொரலு! கொரலு போச்சு. தொண்டைக்குள்ள யாரோ சாக்க அடைச்ச மாதிரி. அத்தை கொரல் போட்டா எருமை. சித்தப்பா கொரல் போட்டா எருமை. எருமை கொரல் ஒண்ணுதான் தத்ரூபமா வந்துச்சு, அத எந்தக் கல்யாணத்துல போய்ப் பண்றது?

ஊரே மருத்துவம் பாத்துச்சு. ஒருத்தரு சுகருன்னாரு. ஒருத்தரு சனி பெயர்ச்சின்னாரு. மச்சான் இருக்கானே, சிமெண்ட் கடை, அவன் என் சம்சாரத்த ஓரமா கூப்புட்டு, "யக்கா, மாமா ஊத்திக்கிறாரு போலருக்கு"ன்னுட்டான். என் வாழ்க்கைல நெல்லிக்கா ஜூஸுக்கு மேல நான் போனதில்ல. அன்னைக்கி வாசப்படில மங்கை டிராபிக் போலீசாட்டம் நின்னுக்கிட்டு, "ஊதுங்க"ங்கறா. ஊதுனேன். ஊதி முடிக்கறதுக்குள்ள தூக்கம் வந்து அவ மேலயே சாஞ்சுட்டேன்.

இந்த லட்சணத்துல ப்ரோக்ராம்! ஒத்துக்கிட்டத விட முடியுமா?

மொத ப்ரோக்ராம் திருத்துறைப்பூண்டி. மேடைல ஏறுனேன். மைக்கப் புடிச்சேன். "குக்கரு"ன்னேன். அடுத்து விசில் வரணும். வரல. உள்ள தேடுறேன், எங்கயோ இருக்கு, வர மாட்டேங்குது. மண்டபமே பாக்குது. நானும் மண்டபத்தப் பாக்கறேன். "வரும்..."னேன். இருங்க, அன்னைக்கி எப்படி இருந்துச்சுன்னு பண்ணிக் காட்டுறேன். "குக்கரு..."

...

"...வரும்."

...

"...அரிசி பழசு போலருக்கு."

...

"...ஸ்."

என்ன சார் நீங்களுமா? அடப்பாவிகளா, முன் சீட்டுக்காரரும் சிரிக்கிறாரு! கண்டக்டரே, நீங்க டிக்கெட்டக் கிழிங்க, நான் என் நோவச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பாத்தீங்களா? இப்படித்தான் சார் அன்னைக்கி அந்த மண்டபமும். ஒரு நோயாளி மேடைல நின்னு திண்டாடுறான், சிரிக்கிறாங்க! ஒருத்தரு நாற்காலியோட பின்னாடி சாஞ்சு வுழுந்துட்டாரு. அவரத் தூக்க வந்தவனும் சிரிச்சுக்கிட்டே வுழுந்துட்டான். மனுஷ ஜாதிக்கு ஈரமே இல்ல சார்.

இந்த லூர்து வேற, 'டும் டிஷ்' எப்பப் போடுறதுன்னு தெரியாம குச்சியத் தூக்கிக்கிட்டே நிக்கிறான். அவன் நிக்கிறதப் பாத்துச் சிரிக்கிறாங்க.

அதோட தொழில் போச்சுன்னு நெனச்சேன். மறுநா பாத்தா போனு மேல போனு. அந்த வைகாசி, ஆனி, ஆவணி மூணு மாசமும் ஒரு முகூர்த்தம் சும்மா இல்ல. ஏன் சொல்லுங்க? பரிதாபம். "பாவம், முடியாத மனுஷன், எத்தன நாளைக்கோ"ன்னு எரக்கப்பட்டுக் கூப்புட்டுருக்காங்க. தமிழ்நாட்டுல கலைஞனுக்கு மரியாத எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியாதா? படுத்தாத்தான் வரும்.

வைரக்கண்ணு ஐயா மூத்த பொண்ணு ரிசப்ஷன் அப்பத்தான். வைகாசி. நிக்க முடியலன்னு மேடைலயே ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. வைரக்கண்ணு ஐயா கொரலையே பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். அவரு கொரலு கனத்த கொரலு, "அதாவதுங்க..."ன்னுதான் ஆரம்பிப்பாரு. "அதாவதுங்க"ன்னேன். அதுக்கு மேல என்னன்னு வரல. சரி, இது யாரு கொரலுன்னு யோசிக்கிறேன், அதுவும் வரல. அவரு முன் வரிசைல மாலையோட உக்காந்திருக்காரு. நான் அவரையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, மைக்குலயே கேட்டுட்டேன், "ஐயா... நீங்க... யாரு?"ன்னு.

மண்டபம் இடிஞ்சுது. பொண்ணு மேக்கப்பு கலைஞ்சு ஓடுது. வீடியோக்காரன் கேமராவ வச்சுட்டு உக்காந்துட்டான். நான் அந்தச் சத்தத்துலயே கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாக்கறேன், இன்னும் சிரிக்கிறாங்க! அப்புறம் வைரக்கண்ணு ஐயா மேடைக்கே வந்தாரு. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு ரெண்டுலயும் தண்ணி. "அதாவதுங்க, இப்படி ஒரு ஆள நான் என் ஆயுசுல பாத்ததில்லைங்க"ன்னாரு. அவ்வளவு பரிதாபம் சார் அவருக்கு. பேச முடியாம வயித்தப் புடிச்சுக்கிட்டுப் போனாரு.

எனக்கு அன்னைக்கி அவமானமாப் போச்சு. பாதி மனுஷனாட்டம் நின்னுட்டமே இவரு முன்னாலன்னு. அந்த மனுஷனுக்கு என்னைக்காவது ஒருநாள் முழு பக்கிரிசாமியக் காட்டணும்னு அப்பவே மனசுல போட்டு வச்சேன்.

ஆவணி முடிஞ்சதும் மங்கை என்னைய இழுத்துக்கிட்டு தஞ்சாவூரு போனா. அங்க ஒரு டாக்டரம்மா. வெளில பூரா பொம்பளைங்க. நான் ஒருத்தந்தான் ஆம்பள. உள்ளேருந்து ஒரு நர்ஸு எட்டிப் பாத்து, "பக்கிரிசாமி"ன்னுச்சு. எந்திரிச்சேன். "சார், நீங்க உக்காருங்க, அம்மாவ அனுப்புங்க"ங்குது. மங்கை, "அவருதாம்மா"ன்னா. அந்த வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. ஒரு அம்மா தன் புருஷன் காதக் கடிக்குது, "பாத்தீங்களா, அவரு பொண்டாட்டிக்குப் பதிலா தானே வந்து காட்டுறாரு, நீங்களும் இருக்கீங்களே."

டாக்டரம்மா வேகமாப் பேசுவாங்க. "என்ன பண்ணுது, எப்பலேருந்து, குளிருதா, முடி கொட்டுதா, மலச்சிக்கல் உண்டா?" நான் மொத கேள்விக்கு பதில் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க சீட்டு எழுதிட்டாங்க. கணுக்கால்ல ஒரு சின்ன சுத்தியால தட்டுனாங்க. பாதம் டக்குன்னு கீழ போச்சு. போனது திரும்பி வரணும்ல? வரல. அதுவும் யோசிக்குது. அப்புறம் வேண்டா வெறுப்பா மெதுவா வந்துச்சு. டாக்டரம்மா என்னப் பாத்துச் சிரிச்சாங்க. "ரத்தம் பாக்க வேண்டிய அவசியமே இல்ல, இருந்தாலும் பாத்துருவோம்"ன்னாங்க.

பாத்தா, எண்ணு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. நான் கேட்டேன், "ஏம்மா, சுரப்பி வேலை செய்யலங்கறீங்க, எண்ணு மட்டும் எப்படிக் கூடுது?"ன்னு. அவங்க சொன்னாங்க, கழுத்துல இருக்குற சுரப்பி தூங்குனா மூளையிலேருந்து 'வேலையப் பாரு, வேலையப் பாரு'ன்னு ஒண்ணு சுரந்துக்கிட்டே இருக்குமாம், அதோட எண்ணாம் அது. புரிஞ்சு போச்சு எனக்கு. நம்ம ஆபீசுங்க மாதிரிதான். எவன் வேலை செய்யலயோ அவனுக்குத்தான் மேலேருந்து மெமோ மேல மெமோ வரும்.

மாத்திர குடுத்தாங்க. துளியூண்டு இருக்கு, கீழ வுழுந்தா தேட முடியாது. "விடிஞ்சதும் வெறும் வயித்துல தண்ணியோட போடணும், அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்குக் காபி கூடக் கூடாது"ன்னாங்க. ஆயுசு பூரா போடணுமாம். சரின்னு போட்டேன். போட்டுட்டு காபி டம்ளரையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மங்கை காபி ஆறாம இருக்க மேல ஒரு தட்டு மூடுவா. நான் தட்டத் தூக்கி மோந்து பாப்பேன். அவ அடிப்பா.

கார்த்திகையில குளிரு விட்டுச்சு. ஊரு ஸ்வெட்டரப் போடுது, நான் கழட்டுறேன்! மார்கழில பூரி மொகம் இட்லி ஆச்சு, இட்லி அடையாச்சு. காலைல பேப்பரு பாதிதான் படிச்சிருப்பேன், வேலை முடிஞ்சுரும். ஒரு நா குளிச்சுக்கிட்டு இருக்கேன், தன்னால தொண்டையிலேருந்து எதுத்த வீட்டு வாத்தியார் வர்றாரு! மூக்கு சத்தம் முத்து முத்தா வருது! அப்படியே துண்டக் கட்டிக்கிட்டு வெளில ஓடியாந்து மங்கையப் பண்ணுனேன், என் பொண்ணு சுடர்க்கொடியப் பண்ணுனேன், மச்சானப் பண்ணுனேன், குக்கரு, மிக்சி, காலிங் பெல்லு, மூச்சு விடாம! பெத்த பொண்ணு காதப் பொத்திக்கிட்டு, "அம்மா, அப்பா மறுபடி வந்துட்டாரும்மா!"ன்னு கத்துது. மங்கை அடுப்படிலயே உக்காந்து அழுதுட்டா. சந்தோஷம் சார். கல்லா இருந்தவ, அன்னைக்கித் தேம்பித் தேம்பி அழுதா.

அவ வேற ஒண்ணு சொன்னா, அது எனக்கு இன்னைக்கி வரைக்கும் சரியா வெளங்கல. "நீங்க முடியாம இருந்தப்ப, நான் ஒரு விஷயத்த ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாமக் கேட்டீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அது மொத தடவ"ன்னா. நான் கேட்டனா? கண்ணத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தேன் சார்! பாவம், அவளுக்கு அது தெரியாது.

கொரலு வந்தாச்சு. ஒடம்பு எளைச்சாச்சு. புருவம் முழுசா மொளைச்சாச்சு. தை பொறந்தா பொளந்து கட்டலாம்னு பாத்தா, போனே வரல. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம், வரல. நான் லூர்துகிட்ட, "டேய், போன சார்ஜ் போட்டு வச்சிருக்கியா?"ன்னு கேக்கறேன். அவன் எங்கயோ பாக்கறான். எனக்குத் தெரியும் ஏன்னு. இப்பல்லாம் ரிசப்ஷன்ல டி.ஜே. வந்துருச்சு. புகை அடிக்கிறான், பொண்ணு மாப்ள எல்லாம் தள்ளுவண்டில வந்து எறங்குது. ட்ரோன் பறக்குது. அது காத்துல நம்ம விக்கு... நம்ம முடி கலையுது. இதுக்கு நடுவுல கலைய எவன் கேக்கறான்?

மாசில ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, ஒரத்தநாட்டுல. வைரக்கண்ணு ஐயாவோட சம்பந்தி வீட்டு விசேஷம்தான் அது. ஐயாவும் வந்திருந்தாரு போல, கூட்டத்துல நான் கவனிக்கல. என் வாழ்க்கைல அப்படி ஒரு வேகத்துல நான் பண்ணுனதே இல்ல. மேடைய விட்டு எறங்குறப்ப வேர்த்து ஊத்துது. ஆனா என்னோட கெட்ட நேரம், சரியா நான் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் பந்தி ஆரம்பிச்சுட்டாங்க. சனம் எந்திரிச்சுப் போயிருச்சு. சாப்பாடுன்னா யாரு உக்காருவா? கடைசி வரைக்கும் இருந்தது ஒரே ஒரு தாத்தா. அவருக்குக் காது கேக்காதுன்னு அப்புறம் சொன்னாங்க. ஆனா ரசிச்சாரு சார், நல்லாத் தலையாட்டுனாரு.

அப்புறம் வேற ஒண்ணும் இல்ல. மங்கை சொல்லிட்டா, "ஆனி வரைக்கும் பாப்போம், இல்லன்னா தம்பி கடை"ன்னு. அப்பத்தான் வந்துச்சு வைரக்கண்ணு ஐயா போனு. லூர்துதான் எடுத்தான். அவரா கூப்புட்டுக் கேட்டுருக்காரு, "அவருதான் வேணும், வேற ஆளு வேணாம்"னு. பாத்தீங்களா? வருஷம் ஒண்ணாச்சு, மறக்கல. ஒரு மனுஷன் மேல எரக்கம் வச்சா எப்படி வைக்கிறாங்க பாருங்க!

ஆனா இன்னைக்கி எரக்கம் வேணாம் சார் எனக்கு. இன்னைக்கி மலைச்சுப் போகணும். போன வருஷம் பாத்தது என் நிழலு. இன்னைக்கி நெசம் வருது. புதுசா ஒரு ஐட்டம் கட்டியிருக்கேன். ஒரே மூச்சுல ஒரு கல்யாணமே. தாலி கட்டுறதுலேருந்து செருப்புத் தேடுற வரைக்கும். உங்களுக்காகக் கொஞ்சம் பண்றேன், கேளுங்க.

"கெட்டிமேளம் கெட்டிமேளம் யாருப்பா அங்க அட்சதையக் குடு ஏய் புள்ளையத் தூக்கு மறைக்குது சார் கொஞ்சம் தள்ளுங்க வீடியோ மாமா அந்த மோதரம் எங்க பையிலதாண்டி இருக்கு எந்தப் பை பச்சப் பை பச்சப் பை சித்திகிட்ட சித்தி எங்க பந்தில சாம்பார் சாம்பார் சாம்பார் ரசம் யாருக்கு வாழக்கா இல்லையா அப்பளம் நமுத்துப் போச்சு மொய் எழுதுறவரு எங்கங்க என் செருப்பக் காணோம் அது என் செருப்பு இது என் செருப்பு..."

என்ன சார், கொட்டாவி? காலைல சீக்கிரம் எந்திரிச்சிருப்பீங்க. பரவால்ல. முன் சீட்டுக்காரரும் தலைய சன்னல்ல சாச்சுட்டாரு. பஸ் காத்து அப்படி. இது பாதிதான். மேடைல இதுக்கு டபுள் ஸ்பீடு. முழுசாப் பண்றேன், இருங்க. "கெட்டிமேளம் கெட்டிமேளம் யாருப்பா..."

என்னடா லூர்து? முழிச்சுட்டியா? என்ன கையப் புடிக்கிற? பேசுறியா நீ? சார், இவன் பேசுறான் சார்! சொல்றா, என்ன?

"போதும்ணே. கால்ல வேணா வுழறேன், அத மட்டும் மேடைல பண்ணிராதீங்க. வைரக்கண்ணு ஐயா கேட்டது உங்கள இல்லண்ணே."

என்னைய இல்லாம வேற யாரடா?

"போன்ல அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'தம்பி, மூத்தவ கல்யாணத்துக்கு வந்தாரே, ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு, மெதுவா, தூங்கித் தூங்கி வுழுந்துக்கிட்டு, அந்தப் பெரியவர அனுப்பு. ஒரத்தநாட்டுல ஒருத்தன் வந்தான் பாரு, ஒல்லியா, நெல்லடிக்கிற மெஷினாட்டம் கத்திக்கிட்டு, அவரு தம்பி போலருக்கு, அவன் கத்துன கத்துல சனமே பந்திக்கு ஓடிப்போச்சு, அவன மட்டும் அனுப்பிராத'ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே. 'சரிங்கய்யா, அண்ணனையே கூட்டியாறேன்'னுட்டேன். போன வருஷம் யாரும் உங்கள எரக்கப்பட்டுக் கூப்புடல. நீங்க இத்தன வருஷத்துல சிரிப்பு காட்டுனது அந்த மூணு மாசந்தான். வீட்ல அண்ணிக்குத் தெரியும், பாப்பாவுக்குத் தெரியும், மாத்திர போட்டுத்தான் ஆகணுமேன்னு யாரும் வாயத் தொறக்கல... 

"அண்ணே?

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பாக்குறீங்க? ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?

"ஆங்! இதான்! சார், பாருங்க சார், இதான் சார் அது! வாய் தொறந்தபடி, கண்ணு சொருகி, என்னமோ சொல்ல வந்து வராம... கண்டக்டரண்ணே, நீங்க சிரிக்கிறீங்கல்ல? பாத்தீங்களாண்ணே, பஸ்ஸே சிரிக்குது! அசையாதீங்கண்ணே. எச்சில் கூட முழுங்காதீங்க. மண்டபம் வர்ற வரைக்கும் இந்த மூஞ்சிய அப்படியே வச்சுக்கங்க!"